பதினேழரைக் கட்டம்

போன வருடம் சித்திரை மாதம். காஞ்சிபுரத்தில் வெயில் தன் வேலையைக் கொஞ்சமும் குறையில்லாமல் செய்துகொண்டிருந்த நேரம். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், சனிக்கிழமை மதியங்களில், பெரியவர்களுக்காக ஒரு கணக்கு வகுப்பு நடந்தது. நடத்தியது ஒரு தொண்டு அமைப்பு. பாடம் எடுத்தது நான். சம்பளம் கிடையாது, டீயும் இரண்டு பிஸ்கட்டும் உண்டு. ஊரில் டியூஷன் சென்டர் வைத்துப் பிழைக்கிறவன், ஓசியில் பாடம் எடுக்க ஏன் ஒப்புக்கொண்டான் என்று கேட்டவர்களிடமெல்லாம் சேவை மனப்பான்மை என்று சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், சனிக்கிழமை மதியம் வீட்டில் இருந்தால் ஒட்டடை அடிக்கச் சொல்வார்கள்.

வகுப்புக்குப் பதினைந்து பேர் வந்தார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர், புடவைக் கடையில் மடித்து வைக்கிறவர்கள், இட்லி மாவு விற்கிறவர், தறி நெய்கிறவர்கள் சிலர். வங்கிப் படிவம், வட்டி, தள்ளுபடி என்று அன்றாடம் ஏமாறுகிற இடங்களிலெல்லாம் ஏமாறாமல் இருக்கக் கற்றுக்கொடுப்பதுதான் பாடத்திட்டம். அந்த வாரம் அமைப்பிலிருந்து ஒரு பயிற்சித் தாள் வந்தது. எங்கோ வெளிநாட்டில் தயாரித்ததை அப்படியே தமிழாக்கியிருந்தார்கள். உங்கள் பகுதியில் மூன்று நிறுவனங்கள் வீடுகளுக்கு மின்சாரம் தருகின்றன. வரைபடத்தைப் பார்த்து எது சிக்கனம் என்று கண்டுபிடியுங்கள் என்றிருந்தது. சாப்பிட்ட மயக்கத்தில் நானும் கரும்பலகையில் மூன்று கோடுகளை இழுத்துவிட்டு, "எந்தக் கம்பெனியில் சேருவீர்கள்?" என்று கம்பீரமாகக் கேட்டேன்.

வகுப்பு என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. ஆட்டோக்காரர்தான் வாயைத் திறந்தார்.

"இன்னா சார், ஒரே ஒரு இட்லிய தட்டுல வெச்சிக்கினு எது பெரிசுன்னு கேக்கற? நமக்கு இருக்கறதே ஒரு வாரியம்தானே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கோடுகளை அழிக்கப் போனேன். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். புடவைக் கரைக்கும் புட்டாவுக்கும் டிசைன் போடுகிற கடையில் கட்டத் தாளை நிரப்புகிற வேலை. படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் ஜரிகை வரவேண்டுமோ அதை வண்ணத்தால் நிரப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் தறியில் மாட்டுகிற அட்டையில் ஓட்டை அடிப்பார்கள். எங்கள் ஊரில் 'கிராப்' என்றால் அதுதான்.

"அழிக்காதீங்க சார். எங்களுக்கெல்லாம் வாரியம் எங்க சார் கரண்ட்டு குடுக்குது? ஓனர்தானே குடுக்கறாரு. நான் பத்து ரூபா ஓனரு. இந்த அக்கா எட்டு ரூபா ஓனரு."

"நான் ஒம்பது," என்றார் மாவு விற்கிறவர்.

நான் சாக்பீசோடு அப்படியே நின்றேன். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. வாரியத்துக்கு ஓனர் கட்டுவது ஒரு தொகை. நம்மிடம் அவர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவது வேறு தொகை. ரசீதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. என் பயிற்சித் தாளில் இருந்த மூன்று நிறுவனங்களும் என் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தன.

அந்தப் பெண்ணுக்குக் கேள்வி ஒன்று தயாராக இருந்தது.

"சார், பிரிட்ஜ வித்துட்டா எவ்ளோ குறையும்னு இந்தக் கோட்டுல பாக்க முடியுமா?"

கதையைக் கேட்டேன். அம்மா வீட்டுச் சீர் இல்லை, கணவர் வாங்கித் தந்ததும் இல்லை. கட்டம் நிரப்பிச் சம்பாதித்த கூலியில், தவணை முறையில் அவரே வாங்கிய பிரிட்ஜ். கடைசித் தவணையைப் பொங்கலுக்குத்தான் கட்டி முடித்திருக்கிறார். அது வந்ததிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பணம் இரண்டாயிரத்தைத் தொடுகிறது. வசூலுக்கு வருகிற ஆள், "பிரிட்ஜ்தாம்மா கரண்ட்ட இழுக்குது" என்று சொல்லிவிட்டுப் போகிறார். கணவர், "நீதான் ஐஸ் தண்ணிக்குத் தொறந்து தொறந்து மூடற" என்று திட்டுகிறார். இரண்டு வருடமாக வீட்டில் இதே பாட்டு. விற்றுத் தொலைத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கோபம் எனக்குச் சுலபமாக வரும். அதுவும் கேட்பதற்குப் பதினைந்து பேர் இருந்தால் இன்னும் அழகாக வரும். "யாரும்மா அந்த ஓனர்? மனுஷனா அவன்?" என்று ஆரம்பித்து மணி அடிக்கும்வரை திட்டினேன். ஓனரை அவர் பார்த்ததே இல்லையாம். ஐயம்பேட்டைப் பக்கம் மூன்று போர்ஷன் வீடு. ஒருவர் பைக்கில் வந்து மீட்டரைப் பார்த்து வசூல் செய்வாராம். "முகத்தைக் காட்டக்கூட வெக்கப்படுற ஆளு!" என்று அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

அடுத்த வாரம் கட்டத் தாள் கொடுத்து எல்லோரையும் வரையச் சொன்னேன். குறுக்கே ஒரு கட்டம் பத்து யூனிட், மேலே ஒரு கட்டம் நூறு ரூபாய். வாரியத்தின் கோடு, முதல் நூறு யூனிட் இலவசம் என்பதால், தரையிலேயே படுத்துக் கிடக்கும். நூறைத் தாண்டியதும் மெல்லத் தலையைத் தூக்கி, போகப் போக நிமிரும். ஓனர் கோடோ முதல் யூனிட்டிலிருந்தே மாடிப்படி ஏறுகிற மாதிரி நேராக மேலே போகும். இரண்டு கோட்டையும் போட்டுவிட்டு இடைவெளியைப் பாருங்கள் என்றேன்.

அந்தப் பெண் கோட்டைப் பார்க்கவில்லை. இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்த கட்டங்களை ஒவ்வொன்றாக அரக்கு நிற ஸ்கெட்ச் பேனாவால் நிரப்பிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

"இது புடவைக் கரை இல்லம்மா. இது கணக்கு கிராப். இதுல எதையும் நிரப்பக் கூடாது. கோடு மட்டும்தான்."

"நிரப்பக் கூடாதுன்னா கட்டம் எதுக்கு சார் போட்டு வெச்சிருக்காங்க?"

வகுப்பே சிரித்தது. 'டிசைன் போடற புத்தி போகாது' என்று நானும் ஒரு ஜோக் அடித்தேன். அவர் தலையைத் தூக்கவில்லை. முழுக்க நிரப்பி முடித்துவிட்டு, இருநூறு யூனிட் இருந்த இடத்தில் விரலை வைத்துக் கீழிருந்து மேலே ஒவ்வொரு கட்டமாக எண்ணினார். கரைக்கு எத்தனை கட்டம் என்று எண்ணுகிற அதே வேகம்.

"பதினேழரைக் கட்டம் சார். பதினேழரைக் கட்டமும் எங்க வீட்டுது. ஓனருகிட்ட போயிருக்குது."

இருநூறு யூனிட்டுக்கு வாரியத்தின் தொகை முந்நூறு ரூபாய்கூட வராது. அவர் கட்டியது இரண்டாயிரம். பத்து வருடமாகக் கோடு போடுகிறவன் நான். இடைவெளியை இப்படி எண்ணலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நிரப்பிய அரக்குக் கட்டங்கள் பார்ப்பதற்கு நல்ல அகலக் கரை மாதிரி இருந்தன.

"அப்போ பிரிட்ஜ் எவ்ளோ சார் தின்னுது?" என்று அவரே கேட்டு, அவரே எண்ணினார். பிரிட்ஜ் இல்லாமல் நூற்றிருபது யூனிட். ஓனர் கோட்டில் பிரிட்ஜுக்கு எட்டுக் கட்டம். வாரியத்தின் கோட்டில் இரண்டு கட்டம்கூட நிரம்பவில்லை.

"பிரிட்ஜ் பாவம் சார்," என்றார். "அது மேல பழியப் போட்டுட்டோம்."

"அப்புறமென்ன, விக்காதீங்க!" என்றேன்.

"எப்படி சார்? கட்டம் ரெண்டுன்னு எனக்குத் தெரிஞ்சா போதுமா? ஓனரு எட்டுதானே வாங்குவாரு. கேட்டா காலி பண்ணும்பாரு. பசங்க ஸ்கூல் பக்கத்துல இருக்குது, அட்வான்ஸ் குடுத்து வேற வீடு போக முடியுமா?"

இந்த இடத்தில்தான் என் வீரம் உச்சத்துக்குப் போனது. கேட்க வேண்டியது நீங்கள் இல்லை, நான் கேட்கிறேன், ஆதாரத்தோடு கேட்கிறேன் என்றேன். அவர் போர்ஷன் மீட்டர் பெட்டியின்மேல் பெயின்ட்டால் எழுதியிருக்கும் இணைப்பு எண்ணைப் போட்டோ எடுத்து வரச் சொன்னேன். அந்த எண்ணைப் போனில் தட்டினால் வாரியத்தின் உண்மையான தொகை வந்துவிடும். ஓனர் பெயரும் வந்துவிடும்.

மூன்றாவது சனிக்கிழமை அவர் போட்டோவோடு வந்தார், வீட்டுக்குக் கொண்டுபோயிருந்த கட்டத் தாளையும் என்னிடம் தந்தார். பழைய சாமான் கடைக்காரர் மறுநாள் காலை பிரிட்ஜை எடுக்க வருகிறார் என்றும் சொன்னார். நான் மேஜைமேல் ஏறி நிற்காத குறையாகப் போனை உயர்த்திப் பிடித்தேன்.

"தொகையை மட்டும் இல்லை, அந்தப் பெரிய மனுஷன் பேரையும் சத்தமாகப் படிக்கப் போறேன். எல்லாரும் கேட்டுக்குங்க. காஞ்சிபுரம் முழுக்கத் தெரியட்டும்!"

எண்ணைத் தட்டினேன். வட்டம் சுற்றியது. திரை வந்தது. தொகை இருநூற்றுச் சொச்சம். பெயர் இருந்த இடத்தில் என் அப்பாவின் பெயர் இருந்தது.

அப்பா காலமாகி ஒன்பது வருடம். ஐயம்பேட்டையில் அவர் கட்டிய வீடு ஒன்று இருக்கிறது, வாடகைக்கு விட்டிருக்கிறது, வசூலுக்குப் பைக்கில் போக ஒரு ஆளை வைத்து அண்ணன் பார்த்துக்கொள்கிறார். மாதாமாதம் என் பங்கை ஒரு கவரில் போட்டுத் தந்துவிடுவார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கவர் கொஞ்சம் கனமாக வரும். கனமாக வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பிரியாணி. இவ்வளவுதான் அந்த வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது. ஐயம்பேட்டை, மூன்று போர்ஷன், பைக்கில் வருகிறவர் என்று அந்தப் பெண் முதல் வாரமே சொன்னபோது எந்த மடையனுக்கும் உறைத்திருக்கும். எனக்கு உறைக்கவில்லை. அடுத்தவனைத் திட்டுகிற சுகத்தில் காது அடைத்துக்கொண்டது.

"இன்னா சார், பேரு வந்துச்சா?" என்றார் ஆட்டோக்காரர்.

"நெட்வொர்க் இல்லை," என்றேன்.

இதை எழுதும்போதும் கை கூசுகிறது. பதினைந்து பேர் முன்னால், சிக்னல் கோடெல்லாம் நிறைந்து நின்ற போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நெட்வொர்க் இல்லை என்றேன். டீ வந்தது. எனக்கு வேண்டாமென்று இரண்டு பிஸ்கட்டையும் ஆட்டோக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் சந்தேகத்தோடு பார்த்தார். நான் பிஸ்கட்டை விட்டுக்கொடுத்து அவர் பார்த்ததில்லை.

நேராகச் சின்ன காஞ்சிபுரத்துக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனேன். அரக்கு நிறக் கட்டத் தாளை அவர் முன்னால் விரித்தேன். அவர் அதைப் புடவை டிசைன் என்று நினைத்து, "கரை நல்லாருக்குதே, யாரு போட்டது?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது.

"ஊரே பத்து ரூபா வாங்குதுடா. நாம மட்டும் இன்னா தர்மகர்த்தாவா? தண்ணி மோட்டார் ஓடுது, மாடிப்படி லைட்டு எரியுது. அதெல்லாம் யாரு, உங்கப்பனா வந்து கட்டுவான்?"

"ரசீது எங்கப்பன் பேர்லதாண்ணா வருது. உங்கப்பனும் அவருதான்."

அண்ணிகூடச் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. மோட்டாருக்கும் லைட்டுக்கும் எத்தனை கட்டம் என்று நான் வீராப்பாகக் கணக்குப் போட ஆரம்பித்தேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி எட்டுலருந்து பத்தாக்கட்டுமான்னு உனக்குப் போன் பண்ணனே, இன்னா சொன்ன நீ?"

அது வரைக்கும் ஞாபகம் இல்லை. அவர் கேட்டதும் வந்துவிட்டது. கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். "உன் இஷ்டம்ணா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அதாவது, மூன்று வாரமாக நான் தேடிக்கொண்டிருந்த அந்த 'மனுஷனா அவன்' என்கிற ஆள், ஓவர் முடிவதற்குள் இரண்டு வார்த்தையில் விலையை ஏற்றியவன்.

"கவர வாங்கும்போது ஒரு தபா எண்ணிப் பாத்து ஏன்னு கேட்டியா? இப்போ வந்துட்டான், கிராப் தூக்கிக்கினு."

தாளை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷேர் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டையில் இறங்கினேன். அப்பா கட்டிய வீட்டைக் கண்டுபிடிக்க ஒருவரிடம் வழி கேட்டேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வாசலில் ஒரு மினி லாரி நின்றது. பிரிட்ஜ் ஏற்கனவே அதன்மேல் ஏறி, கயிறு கட்டி முடிந்திருந்தது. அந்தப் பெண் அதிலிருந்து எடுத்த மாவுப் பாத்திரத்தையும் கறிவேப்பிலைக் கட்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் அவர் கணவர்.

"சார்! நீங்க எங்க சார் இங்க?"

வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயாரித்திருந்தேன். சூழ்நிலை, குடும்பச் சொத்து, நிர்வாகம், தகவல் இடைவெளி என்றெல்லாம் அதில் அழகான வார்த்தைகள் இருந்தன. ஒன்றும் வெளியே வரவில்லை.

"பிரிட்ஜை இறக்கச் சொல்லும்மா. இந்த வீட்டு ஓனர் நான்தான்."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அப்போ மூணு வாரமா உங்களயேதான் திட்டிக்கினு இருந்தீங்களா சார்?"

"ஆமாம்மா. நல்லாத்தான் திட்டியிருக்கேன்."

"சிரிக்காத," என்றார் கணவர். என்னைத்தான் முறைக்கிறார் என்று நினைத்து ஒரு அடி பின்னால் போனேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. லாரியில் நின்ற பிரிட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சிரிக்கற. ரெண்டு வருஷமா உன்னத் திட்டுனவன் நான். போன வாரம் கட்டத்தக் கொண்டாந்து காட்டுன, அப்பவும் ஒத்துக்கினேனா? கணக்குல ஏதோ தப்பு இருக்குது, நீ தொறந்து மூடறதுதான் காரணம்னேன்."

அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றுவிட்டது. குனிந்து பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் இருந்த திசையிலோ கணவர் இருந்த திசையிலோ பார்க்கவில்லை. அதுவரைக்கும் நான் எடுத்தது பதினேழரைக் கட்டம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய சாமான்காரர் வண்டி வாடகையை யார் தருவது என்று கேட்டார். நான் தந்தேன். பிரிட்ஜை இறக்க நானும் ஒரு கை கொடுத்தேன். அது என் கட்டை விரல்மேல் இறங்கியது. நகம் கறுத்து விழுந்து புதிது முளைக்க இரண்டு மாதம் ஆனது. யாரும் அனுதாபப்படவில்லை. படக்கூடாதுதான்.

மூன்று போர்ஷன்காரர்களையும் கூப்பிட்டு, அன்றைக்கே அவரவர் போனில் அவரவர் இணைப்பு எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். இனி வாரியத்துக்கு அவர்களே கட்டிக்கொள்வார்கள். நடுவில் யாரும் இல்லை. மோட்டார் செலவை மூன்றாகப் பிரித்து ரசீதோடு சுவரில் ஒட்டுவது என்று முடிவானது. பழைய கட்டங்களை வாடகையில் மாதாமாதம் கழித்துக்கொள்ளச் சொன்னேன். அண்ணன் தன் பங்கிலிருந்து ஒரு கட்டம்கூடக் கழிக்கக் கூடாது என்று ஆள் விட்டுச் சொன்னார். அதனால் எல்லாம் என் பங்கிலிருந்துதான் போகிறது. அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. கவர் மட்டும் அண்ணியிடமிருந்து வருகிறது, இளைத்துப் போய்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் வேறு பாடம் ஆரம்பித்தேன். தள்ளுபடிக் கணக்கு. பாதியில் அந்தப் பெண் எழுந்தார்.

"சார், அன்னிக்கு நெட்வொர்க் இல்லன்னு நிறுத்திட்டீங்க. பேரு படிக்கிறேன்னு எங்க எல்லார்கிட்டயும் சொன்னீங்களே."

அவர் குரலில் கேலி இல்லை. அதனால்தான் தப்பிக்க முடியவில்லை. போனை எடுத்து அப்பாவின் பெயரைச் சத்தமாகப் படித்தேன். பின்னால் என் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். ஆட்டோக்காரர்தான், "சார், 'மனுஷனா அவன்'னு அன்னிக்குக் கேட்டியே, அதுக்கு இன்னா பதிலு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. உட்கார்ந்து தள்ளுபடிக் கணக்கை எழுத ஆரம்பித்தார்.

எனக்கு இன்னும் கோபம் வருகிறது. அந்தத் தெருவிலேயே பத்து ரூபாய் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இலவச யூனிட்டையும் விலைக்கு விற்றுவிட்டு, பழியைப் பிரிட்ஜ்மேலும் மிக்சிமேலும் வீட்டுப் பெண்கள்மேலும் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அவர்களை நான் திட்டத்தான் செய்கிறேன். ஆனால் ரூபாயை வாடகையில் கழித்துக்கொடுத்துவிடலாம், ஒரு பெண் தன் வீட்டில் இரண்டு வருடம் வாங்கிய திட்டை எந்தக் கட்டத்தில் நிரப்பி, எந்த மாதத்தில் கழிப்பது என்று மட்டும் இந்தக் கணக்கு வாத்தியாருக்கு இன்றுவரை தெரியவில்லை.